மண்வாசனையும் பாதி வாரமும்

நண்பர் வீட்டு ஜன்னலில் மணிபிளாண்ட் வளரும் புட்டி ஒன்று இருக்கிறது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒயின் காலியான பிறகு மிஞ்சியது. லேபிளில் ‘மொஸ்காட்டோ தாஸ்தி’ என்று பெயர். இத்தாலியின் வடமேற்கில், பியமோந்தே பிரதேசக் குன்றுகளில் விளையும் வெள்ளைத் திராட்சையின் ஒயின். நொதித்தலைப் பாதியிலேயே குளிரூட்டி நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை மிஞ்சுகிறது, லேசாக நுரைக்கிறது, ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான். புட்டியின் பின்பக்கத்தில் மண், மரபு, தலைமுறைகள் என்று நாலு வரி. அந்த நாலு வரியை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காரணம், இதே குன்றுகளைப் பற்றிய இன்னொரு பிரதியை நான் ஏற்கனவே வாசித்திருந்தேன்.

சேஸரே பவேஸே இந்தக் குன்றுகளில் ஒன்றான சான்தோ ஸ்தேஃபனோ பெல்போவில் 1908இல் பிறந்தவர். தற்கொலை செய்துகொண்ட 1950ஆம் வருஷத்தில்தான் அவருடைய கடைசி நாவல் வந்தது. அதன் தலைப்பை ‘நிலவும் சொக்கப்பனைகளும்’ என்று தமிழில் சொல்லலாம். கதைசொல்லி ஓர் அநாதை. வளர்ப்பதற்குக் கிடைக்கிற மாதப் பணத்துக்காக ஓர் ஏழைக் குடும்பம் அவனை எடுத்துக்கொள்கிறது. பிறகு பண்ணையாள், பிறகு அமெரிக்கா, போர் முடிந்ததும் ஊர் திரும்புகிறான். நாவல் முழுக்க அவனுக்குப் பட்டப்பெயர்தான்: விலாங்கு. அவன் வளர்ந்த கமினெல்லா குன்றில் இப்போது வலீனோ என்பவன் ‘மெட்சாத்ரியா’ முறையில் பயிர் செய்கிறான். நம்மூர் வாரம் போன்றதுதான். விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு. நிலத்துக்காரி வந்து பங்கு பிரித்துப் போன நாளில் வலீனோ வீட்டுப் பெண்களைக் கொன்று, வீட்டுக்குத் தீ வைத்து, தூக்கு மாட்டிக்கொள்கிறான். கால் ஊனமான சிறுவன் சின்தோ மட்டும் தப்பிக்கிறான்.

இந்த நாவலில் சிறுவன் விலாங்குக்கு உலகத்தின் வாசல் பக்கத்து ஊரான கனெல்லி. மொஸ்காட்டோ திராட்சையிலிருந்து பிரெஞ்சு முறையில் நுரைக்கும் ஒயினை 1865இல் கார்லோ கான்சியா செய்தது அங்கேதான். ஊருக்கு அடியில் குடைந்த ஒயின் நிலவறைகளை ‘பாதாளப் பேராலயங்கள்’ என்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலவெளியை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது கனெல்லியும் அதில் சேர்ந்தது. அடுத்த குன்றுகளில் விளையும் பரோலோ ஒயினுக்கு 2010இல் சரிவு சரிவாக அதிகாரப்பூர்வப் பெயர்ப்பட்டியலே போட்டார்கள். ஆக, சரிவுக்குப் பெயர் உண்டு. விலாங்குக்குக் கிடையாது.

அப்படியானால் இந்த மரபு வெறும் பொய்யா? நான் அப்படிச் சொல்லவில்லை. செங்குத்துச் சரிவில் கொடியைக் கவாத்து செய்வதும், எந்த மொட்டை விடலாம் எந்த மொட்டை வெட்டலாம் என்று அறிவதும், கையாலேயே குலை அறுப்பதும் மெய்யான அறிவு. அது வலீனோக்களின் அறிவு. புதிதாக மெட்சாத்ரியா ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டம் வந்ததே 1964இல்தான். மரபு என்ற சொல்லைப் புட்டியில் அச்சடிக்கிற உரிமை மட்டும் கைமாறிவிட்டது. மரபு உண்மை, அதன் உடைமைப் பத்திரம்தான் விவகாரம். நூத்தோ ரெவெல்லி குனேயோ மாவட்டத்து ஏழை விவசாயிகளின் குரலை நாடாவில் பதிந்து 1977இல் புத்தகமாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘தோற்றவர்களின் உலகம்’.

சரி, இந்தக் கதையெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். ஒயின் ருசிப்பவர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: ‘தெர்வார்’. மண், வெயில், சரிவு எல்லாம் சேர்ந்து கோப்பைக்குள் வருகிற ருசி. நம் விமர்சனத்தில் அதற்குச் சமமாக ‘மண்வாசனை’ என்ற சொல் இருக்கிறது. நானும் எத்தனையோ மதிப்புரைகளில் அதைத் தாராளமாகத் தெளித்திருக்கிறேன். அந்த மண் யாருடையது, வாரம் எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற வேலையை லேபிள் மட்டும் செய்யவில்லை, நானும் செய்திருக்கிறேன். பவேஸே நிலவையும் குன்றையும் மயங்கி மயங்கி எழுதியவர்தான். ஆனால் பங்கு பிரிக்கிற நாளை அவர் தாண்டிப் போகவில்லை. அதுதான் வித்தியாசம்.

மெட்சாத்ரியா பழங்கதை, இன்று குன்றுகள் வளமாகிவிட்டன என்பார்கள். உண்மைதான். கங்காணிமாரை வைத்துக் கூலிகளைச் சுரண்டுவதற்கு எதிராக இத்தாலி 2016இல் கடுமையான சட்டம் போட்டது. 2024இல் அதே லாங்கே குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளரைச் சுரண்டியதாக ஆட்கள் கைதானார்கள். யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பத்து வருஷம் கழித்து.

லேபிளின் கதையும் அந்த ஒயினைப் போலத்தான். இனிப்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுகிறார்கள். முழுக்க நொதிக்க விட்டால் அதில் வலீனோ வருவான். அடுத்த முறை ‘மண்வாசனை’ என்று எழுதப் போகும்போது பேனாவை நிறுத்தி, வாரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.