அரங்கும் ஒலிபெருக்கியும் நாம் கேட்கும் தமிழும்

கவிதையைத் திறனாய்பவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்கிறார். ஓவியத்தை ஆராய்பவர் அதன்முன் நின்று நோக்குகிறார். மேடைப் பேச்சையும் இசையையும் நாடகத்தையும் திறனாய்பவரோ, கலைஞரின் வாயிலிருந்து பிறந்ததை ஆராய்வதாக எண்ணிக்கொண்டு, தம் செவிக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே ஆராய்கிறார். பிறந்த இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நடுவே ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, சுவர், கூரை, தரை, கூடியிருக்கும் மக்கள் என எத்தனையோ நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒலியில் சிறிது கூட்டியோ குறைத்தோதான் நம்மிடம் தருகின்றன. தமிழ்த் திறனாய்வில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் குறை. அக்குறையால் விளையும் இழப்பு யாரைச் சேர்கிறது என்பதை நான் கண்கூடாகக் கண்டதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பந்திங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக அமர்ந்தேன். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட மண்டபம் அது. மேடையின் இரு மருங்கிலும் இரண்டு கூம்புக் குழாய்கள். பின்சுவரில் மேலும் ஒன்று. காலை வேளையாதலால் அறுபது பேரே வந்திருந்தனர். நான் மேடையை ஒட்டி முன்வரிசையில் இருந்தேன். மற்ற நடுவர் இருவரும் மண்டபத்தின் நடுவே மேசையிட்டு அமர்ந்திருந்தனர். செம்பனைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவி, வீட்டில் தன் பாட்டியிடம் பேசுவதைப் போல இயல்பாகவும் சற்று விரைவாகவும் பேசினாள். அவள் நாவில் ழகரம் அத்துணை அழகாகப் புரண்டது. உச்சரிப்புக்குரிய 20 மதிப்பெண்ணில் நான் 18 இட்டேன். மற்றவர்கள் இட்டவை 11, 12. "ழகரம் தெளிவில்லை, சொல்லின் ஈற்றை விழுங்குகிறாள்" என்றார்கள்.

நான் சினந்தேன் என்பதை மறைப்பானேன்? அடுத்த மாணவன் பேசும்போது எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். அவர்கள் கூறியது முற்றிலும் உண்மை. அந்த நாற்காலியில் அமர்ந்தவர்க்கு எவர் வாயிலும் ழகரம் தெளிவாய் இருக்க வழியில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எறிந்து, எறிந்தபின் நிறுத்தி, முழங்கிப் பேசிய மாணவன் முதற்பரிசு பெற்றான். அம்மண்டபத்துக்கு ஏற்ற பேச்சு அதுவே. ஆனால் அது தமிழின் இயல்பான ஓசையா என்பது வேறு வினா.

அங்கு நிகழ்ந்தது என்ன? நம் நாட்டு வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. நடுவில் இருப்பவர்க்கு முன்குழாயின் ஒலியும் பின்குழாயின் ஒலியும் ஏறக்குறைய ஒருங்கே வரலாம். முன்வரிசைக்கோ கடைசி வரிசைக்கோ அப்படி வராது. 30 மீட்டர் வேறுபாடு இருப்பின் ஒன்று மற்றொன்றுக்குப்பின் 0.086 வினாடி கழித்து வரும். இரண்டு ஒலிகளுக்கிடையே உள்ள காலம் ஏறத்தாழ 0.05 வினாடிக்கு உட்பட்டால் செவி இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. அதைத் தாண்டினால் பேச்சு இரட்டிப்பாகத் தொடங்குகிறது. முன்வரிசையில் இருந்த எனக்கு நேரடிக் குரலும் முன்குழாயும் வலுவாக இருந்தமையால் பின்குழாய் தொல்லை தரவில்லை. திருவிழாக் காலத்தில் கோயில் தெருவில் 70 மீட்டர் இடைவெளியில் கட்டிய இரண்டு குழாய்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றன் அடியில் நிற்பவர்க்கு மற்றொன்றின் ஒலி 0.2 வினாடி பிந்தி வரும். இயல்பான பேச்சில் ஓர் அசை ஒலிக்கும் காலமே ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் அளவிட்டார். அந்த அளவில் ஓர் எழுத்தின்மேல் முந்தைய எழுத்து வந்து படிந்தால், குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள எல்லை மங்கும். அரை மாத்திரையே பெற்ற மெய்யும் குற்றியலுகரமும் முதலில் மறையும். மாணவி ஈற்றை விழுங்கவில்லை, மண்டபம் விழுங்கியது.

குழாய்களினும் பெரிய குற்றவாளி மண்டபமே. இதனை முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை என்று முறையீடு எழுந்தது. சபைன் இரவு வேளைகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணித்தார். வெறுங்கூடத்தில் அது 5.5 வினாடி. மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து எழுந்த வாய்பாடு இன்றும் வழங்குகிறது: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலி தன் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக அடங்கும் நேரம் அது.

30 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு மண்டபத்தைக் கொள்வோம். கன அளவு 2,700 கன மீட்டர். சிமெண்டும் பூச்சும் தகரமும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கையே உறிஞ்சுவதாக வைத்து, திறந்த சன்னல் கதவுகளுக்கு 40 சதுர மீட்டரும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆளில்லாத மண்டபத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 4 வினாடி நீடிக்கும். அறுபது பேர் இருந்தால் 3 வினாடிக்குச் சற்று மேல். நானூறு பேர் நிறைந்தால் 1.6 வினாடி. மனித உடலும் உடுத்திய ஆடையும் அத்துணை ஒலியை உறிஞ்சுகின்றன! திருமணத்தன்று நன்றாய்க் கேட்ட அதே மண்டபம் போட்டியன்று ஏன் குழறியது என்பதற்கு விடை இதுவே. வகுப்பறைக்கு 0.6 வினாடியே உச்ச அளவு என்று அமெரிக்க வகுப்பறைத் தரநிலை 2002இல் வகுத்தது. அதனோடு நம் மண்டபத்தை ஒப்பிட்டால் பேசும் பிள்ளையின் நிலை விளங்கும்.

இங்கே நம் அமைப்பாளர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. "பின்னால் கேட்கவில்லை" என்று ஒருவர் கையசைத்தவுடன் ஒலியைக் கூட்டுகிறார்கள். குழாயிலிருந்து நேரே வரும் ஒலி கூடும்போது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதே அளவு கூடுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதே இல்லை. தெளிவு அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒலியைக் கூட்டுவதில் பொருளுண்டு. மற்ற நேரத்தில் அது காதுக்கு நோவைத்தான் கூட்டும்.

கூம்புக் குழாய்க்கு நாம் நன்றி சொல்லவும் வேண்டும். மின்னாற்றல் குறைவாக இருந்த காலத்தில், சிறு தகட்டின் அதிர்வைக் கூம்பின் வழியே விரித்துப் பல்லாயிரவர்க்குக் கேட்கச் செய்தது அதுவே. இந்தியாவில் காங்கிரஸ் மாநாடுகளில் காந்தியடிகளின் மெல்லிய குரலை மக்கள்முன் கொண்டுசென்றவை மோட்வானே குடும்பத்தாரின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள். ஆயினும் அதன் இயல்பு, தாழ்ந்த அதிர்வுகளை உதறிவிடுவது. ஏறத்தாழ 300 ஹெர்ட்சுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை. மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் இடமுகமும் அதில் உயிரிழந்து 'டப்டப்' என்று வற்றிப்போகின்றன. நாகசுரமோ முன்னினும் கூர்மையாகக் குத்துகிறது. "தவில்காரர் கை இன்று எழவில்லை" என்று எழுதும் விமரிசகர், தாம் கேட்டது கையையா குழாயையா என்று ஒருமுறை தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு 100 ஹெர்ட்சை ஒட்டியது. அதுவும் குழாயில் வருவதில்லை. மேலுள்ள அதிர்வுகளைக் கொண்டு செவியே அதனை இட்டு நிரப்பிக்கொள்கிறது.

ழகரத்தின் செய்தி வேறு. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெயில் கான் ஆகிய மூவர், தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையோடு ஆராய்ந்து வெளியிட்டனர். நாவின் எப்பகுதி எவ்வாறு குழிந்து பின்வாங்குகிறது என்பதை அவர்கள் படமாகவே கண்டனர். உந்தியில் எழுந்த வளி நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று நாவாலும் அண்ணத்தாலும் உருப்பெறுவதைப் பிறப்பியல் வகுத்ததை ஆசிரியர்கள் வகுப்பில் நடத்துகிறோம். அதன் தொடர்ச்சியாக இந்த ஆய்வை மாணவர்க்குக் காட்டலாம். இவ்வெழுத்துகளின் வேறுபாடு பெரிதும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நிகழும் நுண்ணிய நகர்வுகளில் அடங்கியது. அப்பகுதியைக் கூம்புக் குழாய் நன்றாகவே கடத்துகிறது. ஆகவே ழகரத்தைக் கெடுத்தது குழாயின் குறை எனல் பொருந்தாது. முந்திய உயிரின் முழக்கம் அடங்காமல் வந்து அதன்மேல் படிந்ததே காரணம்.

இதிலிருந்து ஓர் எண்ணம் எனக்குத் தோன்றுகிறது. நம் மேடைத்தமிழ் அடுக்குமொழியையும் மோனையையும் நீண்ட நிறுத்தங்களையும் விரும்பித் தழுவியதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமாக இருந்திருக்காது. திறந்தவெளியிலும் முழங்கும் மண்டபத்திலும் குழாயின்வழிப் பேசியவர்க்கு, ஒரே ஓசையில் தொடங்கும் மூன்று சொற்களுள் ஒன்றாவது செவியைச் சேரும்; ஒரு கருத்தைத் திருப்பிச் சொன்னால் முதல்முறை தவறவிட்டவர் இரண்டாம் முறை பிடித்துக்கொள்வர். கருவிக்கும் இடத்துக்கும் ஏற்ப நடை அமைந்தது. பின்னர் அந்நடையே தமிழின் பெருமையாக எண்ணப்பட்டது. அதே நடையைச் சிறிய வகுப்பறையில் முப்பது பிள்ளைகளின் முன் முழங்குவது எதற்கு?

பழந்தமிழர் இதில் கவனமற்று இருந்தாரல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கைக் கோல்கொண்டு அளக்கிறது: 24 விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம். கோலை அரை மீட்டராகக் கொண்டால் மூன்றரை மீட்டருக்கு நான்கு மீட்டர். கூரைக்கும் தளத்துக்கும் இடையே நான்கு கோல். தூணின் நிழல் மறைக்காதவாறு விளக்கு நிறுத்தினர். மூவகை எழினி கட்டினர். மேலே ஓவிய விதானம் விரித்தனர். ஒலியை எண்ணித்தான் துணியைத் தொங்கவிட்டனர் என்று வாதிட நான் வரவில்லை. ஆயினும் மூன்று திரையும் ஒரு விதானமும் உள்ள சிறிய அரங்கில் யாழும் குழலும் தெளிவாகக் கேட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. நாமோ துணியை நீக்கிப் பளிங்குக்கல் பதித்து, அதைப் பெருமையாகக் கல்வெட்டில் பொறிக்கிறோம்.

வானொலி இதற்கு நேர்மாறான பாடம் தந்தது. அவசரகாலத்தில் (1948–1960) தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் வைத்த பெட்டிகள் தொடங்கி, பின்னர் லயத்து வீடுகளில் பலகைச் சுவரில் தொங்கிய சிறு பெட்டிகள்வரை, அவற்றின் ஒலிபெருக்கி உள்ளங்கையளவே. எனினும் அறிவிப்பாளர் முழக்கமற்ற அறையில் ஒலிவாங்கிக்கு அருகில் பேசினார். கேட்டவர் பெட்டிக்கு அருகில் இருந்தார். பாயும் தொங்கும் துணிமணிகளும் சிற்றறையின் முழக்கத்தை அடக்கின. ரேடியோ மலேசியாவின் தமிழ்ப்பகுதி ஒரு தலைமுறைக்கே உச்சரிப்பு ஆசிரியராய் விளங்கியதற்கு அறிவிப்பாளரின் திறமையோடு இந்த அண்மையும் காரணம். விலையுயர்ந்த குழாய் தராத ழகரத்தை மலிவான பெட்டி தந்தது.

தீர்வு பெருஞ்செலவில்தான் என்பதில்லை. எதிர்முழக்கம் பத்து வினாடிக்கும் மேற்பட்ட இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்தில், ஒலியைக் கேட்போர் பக்கம் மட்டும் செலுத்தும் நெடிய தூண் ஒலிபெருக்கிகளை அமைத்து, பின்னுள்ளவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பிப் பேச்சை விளங்கச் செய்தனர். அக்காலத்தில் அதற்குச் சுழலும் காந்த உருளை தேவைப்பட்டது. இன்று சிறு கருவியொன்று அதைச் செய்யும்.

பந்திங்கில் மறு ஆண்டுப் போட்டிக்கு இவ்வளவும் தேவைப்படவில்லை. மண்டபம் வேண்டாமென்று பேசி, பள்ளி ஒன்றின் நூலக அறைக்கு மாற்றினோம். சுவரெங்கும் புத்தக அடுக்குகள்; சன்னல்களுக்குத் தடித்த திரை; தரைக்குக் கோரைப்பாய். ஒலிபெருக்கி இல்லை. நடுவர் மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்தோம். உச்சரிப்பு மதிப்பெண்ணில் எங்களுக்குள் ஒன்று அல்லது இரண்டுக்குமேல் வேறுபாடு வரவில்லை. முந்திய ஆண்டு வந்த மாணவி அதற்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள்.