நைட்ரஸை ரசிக்கக் காது வேண்டும்

சென்னையிலிருந்து பட்டு எடுக்க எங்கள் காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அங்கே 1990-லிருந்து ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது என்றால் "அப்படியா?" என்கிறார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இடம் அது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சாப்பாட்டு மூட்டையோடு போய் வெயிலில் நின்று பார்த்தவர்கள் உண்டு. அவர்களுடைய பேரன்களுக்கு இது வெறும் சத்தம், பணக்காரப் பிள்ளைகளின் திமிர். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. சங்கீதத்துக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது, சிற்பத்துக்கு இருக்கிறது. இன்ஜினுக்கு ஏன் இருக்கக்கூடாது?

அடிப்படையை விறுவிறுவென்று சொல்லிவிடுகிறேன். ரேஸில் இன்ஜின் பலத்தைக் கூட்ட ஏற்றும் நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல, அது எரியாது. சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் உடைந்து ஆக்சிஜனைத் தருகிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், இதில் 36. ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை 'லீன்' ஆகி அலுமினியம் உருகும். 50 குதிரைத்திறன் ஏற்றினால் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைச் சுமார் 2 டிகிரி பின்னுக்கு இழுப்பார்கள். ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டு, 3000 ஆர்பிஎம்மும் தாண்டிய பிறகுதான் வாயுவைத் திறப்பார்கள். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்சும் உண்டு. அவ்வளவுதான். இதை ரோட்டில் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை இப்படி மாற்ற விடாது, விடாததும் சரிதான்.

2001-இல் வந்த ஒரு ஹாலிவுட் படமும் அதன் வாரிசுகளும் நைட்ரஸ் என்றால் சிவப்புப் பொத்தான், நீல ஜுவாலை என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்துவிட்டன. குதிரைத்திறன் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு எழுதுகிற கார் விமர்சகர்களும் அதே வகுப்பில் படித்தவர்கள். எத்தனை குதிரை என்று கேட்பது, சேலையைப் பார்த்துவிட்டு எத்தனை கிராம் ஜரிகை என்று மட்டும் கேட்பது மாதிரி. கரையும் உடலும் சேரும் கோர்வை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சேலை தெரியும்.

இன்ஜினில் கோர்வை என்று நான் சொல்வது ஒரே ஒரு வித்தியாசத்தை: நாக்கிங் வேறு, ப்ரீ இக்னிஷன் வேறு. இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்கள்கூட இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

நாக்கிங் பொறி விழுந்த பிறகு வருவது. பிளக்கிலிருந்து தீ சீராகப் பரவுகிறது. அது போய்ச் சேருவதற்குள், கடைசி ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சியில் இரும்பு கணீரென்று அதிரும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தால் அடங்கிவிடும்.

ப்ரீ இக்னிஷன் பொறி விழும் முன்பே வருவது. பழுத்துச் சிவந்த பிளக் முனையோ, கரித்துண்டோ கலவையைக் கொளுத்திவிடுகிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, எதிரே நெருப்பு அதைக் கீழே தள்ளுகிறது. சத்தம் பெரிதாக இருக்காது. கேட்கும்போது காரியம் முடிந்திருக்கும். இங்கே டைமிங்கை இழுத்துப் பயனில்லை, ஏனென்றால் தீயை வைப்பது பொறியே அல்ல. இன்னும் குளிர்ந்த ரகப் பிளக் போட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல: நாக்கிங்கை அடிக்க விட்டுக்கொண்டே இருந்தால் பிளக் முனை பழுக்கும், பிறகு மற்றது வரும்.

என் வீட்டு அலமாரியில் இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒன்றின் ஓரம் கரையான் அரித்த மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கும், ரிங் உட்காரும் வரப்பு உடைந்திருக்கும். அது நாக்கிங். மற்றதற்கு நட்டநடுவில் ஓட்டை, ஐந்து ரூபாய் நாணயம் நுழையும். அது என் நண்பனுடையது. முதல் ஓட்டத்தில் கூழாங்கல் சத்தம் கேட்டது. டைமிங்கை 2 டிகிரி இழுத்தோம், அடங்கியது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் டிராக் (drag) ரேஸின் 402 மீட்டரில் முக்கால்வாசி போனதும் வண்டி சோர்ந்து போய் நீலப் புகை விட்டது. எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இதை வெளியே அதிகம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த மௌனத்தை நாங்கள் வெற்றி என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 36.4 டிகிரிக்கு மேல் போனால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. குளிர்நாட்டுக்காரர்கள் பாட்டிலைச் சூடாக்க ஹீட்டர் விற்கிறார்கள். அதை வாங்கி மாட்டிக்கொள்வது இங்கே பேஷன்! கத்திரி வெயிலில் நாம் செய்ய வேண்டியது பாட்டிலை நிழலில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றுவது. காலையில் அளந்து போட்ட ஜெட் (வாயு போகும் துளை), மதியம் பிரஷர் மாறினால் வேறு அளவைத்தான் ஊற்றும். பிரஷர் மீட்டரை அடிக்கடி பார்க்கிறவரை நம்புங்கள்.

ஆகவே டிராக் (drag) ரேஸ் நடக்கும் நாளில் இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். நியூட்ரலில் நிற்கும் வண்டியின் உறுமலை விட்டுவிடுங்கள். கிளம்பி இரண்டாவது கியர் விழும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நாடா ஓடுகிற சத்தம் மாறினால் எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரின் கை தானாக நின்றுவிடும். அந்தக் காதுதான் வேண்டும். நைட்ரஸ் திறக்கும்போது நல்ல இன்ஜினின் குரல் கனக்கும், சிதறாது. ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் டைம் போர்டுக்கு ஓடுவார்கள். நீங்கள் வண்டிகள் வந்து நிற்கும் பிட்டுக்குப் போங்கள். வந்தவுடன் ஹெல்மெட்டைக்கூட முழுசாகக் கழற்றாமல் பிளக்கைக் கழற்றுகிறவர் யார் என்று பாருங்கள். அனுமதி கேட்டு, பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளியோ, மினுக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் உள்ளே நாக்கிங் நடந்திருக்கிறது. சுத்தமாக இருந்தால் அவர் அடுத்த ஜெட்டுக்குப் போவார், அதுவும் ஒரே ஒரு படி மேலே. கையில் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வாருங்கள். அங்கே பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை.