‘கொல்’ என்னும் ஐயச்சொல்

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. அது யாருடைய உருவம் என்று காண்போர் ஐயுற வேண்டுவதில்லை. ஆனால் ஓரியை நேரில் கண்ட வன்பரணருக்கு ஐயம் எழுந்தது. அதனை ஒரு சிறிய இடைச்சொல்லால் அவர் நமக்கு உணர்த்துகிறார். அச்சொல் ‘கொல்.’

புறநானூற்றின் 152ஆம் பாடல் அது. ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் மாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இவ்வேட்டுவன் யாரோ என வியக்கிறார் புலவர். அங்கே ஒரு ‘கொல்.’ ஊன் விற்றுப் பிழைப்பவனாகத் தோன்றவில்லை, செல்வன், மார்பில் ஆரம் தாழ்கிறது. இவன் ஓரியோ, அல்லனோ? ஓரி என்பதற்கு ஒரு ‘கொல்’, அல்லன் என்பதற்கு ஒரு ‘கொல்.’ துலாக்கோலின் இரு தட்டும் நிகராக நிற்கின்றன.

தொல்காப்பியம் இச்சொல்லுக்கு ஐயப்பொருளே கூறிற்று. பிற்பட்ட நன்னூல் அசைநிலை என்பதையும் உடன் சேர்த்தது. இதனைப் பற்றிக்கொண்டு, ‘கொல்’ வரும் இடமெல்லாம் ‘அசை’ எனச் சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் வகுப்பறைகளில் உண்டு. நாமும் அவ்வாறு பாடம் சொன்னதுண்டு. இப்பாடலில் அது பிழை. ‘கொல்’லை நீக்கினால் வெறும் வினாவே எஞ்சும், புலவரின் தயக்கம் மறைந்துவிடும்.

அரபியின் ‘லஅல்ல’ வாக்கியத்தின் முன்னே நின்று எதிர்பார்ப்பையோ அச்சத்தையோ சுட்டும். ஷேக்ஸ்பியர் கையாண்ட ‘ஹேப்லி’ என்னும் ஆங்கில வினையடைக்கும் ‘ஒருவேளை’ என்பதே பொருள். இன்று அது பேச்சு வழக்கிழந்தது. இவை வாக்கியம் முழுவதையும் தழுவுவன. ‘கொல்’ அப்படியன்று, எச்சொல்லில் ஐயமோ அச்சொல்லையே ஒட்டி நிற்கும். 1081ஆம் குறளிலும் இதனைக் காணலாம்.

வன்பரணரின் ஐயம் எவ்வாறு தீர்ந்தது? பெயரைக் கேட்டதாகப் பாடலில் இல்லை. ‘கோ’ என்று புலவர் கூறக் கேட்டு, அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். இவர்கள் வாய் திறந்து கேட்குமுன்னே ஊனும், தன் மலையில் பிறந்த பொன்னும், மணிகளும் வழங்குகிறான். அதன்பின் அவனைக் கொல்லித் தலைவன் என்று துணிந்து கூறுகிறார் புலவர். அங்கே ‘கொல்’ இல்லை. ஐயத்தைத் தீர்த்தது ஈகையே.

நம் ஆலிம்கள் நூல்களை ஆராய்ந்து ஃபத்வா எழுதிய பின்னும் ‘வல்லாஹு அஃலம்’ என்று முடிப்பர். அறிந்தோரின் அடக்கம் அது. ஒருவரை முற்ற அறியுமுன் அவரைப் பற்றி முடிவு கட்டாத பண்பும் அதன்பாற்பட்டதே. அப்பண்பை ஓரெழுத்துக் குறையாமல் காத்துத் தரும் சொல்லை இனியும் ‘அசை’ என்று ஒதுக்குதல் தகுமா?