சீர்திருத்தங்கள் ஏன் சாய்கின்றன? - குறள் தரும் அளவுகோல்

திருக்குறட் பொருட்பாலை அரசர்க்கு மட்டுமே உரியதெனக் கொண்டு ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. பரிமேலழகர் அப்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் எனப் பகுத்து உரை கண்டமை இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆயின், அரசியலின் நடுவே 47ஆம் அதிகாரம் முதல் 52ஆம் அதிகாரம் வரை நிற்கும் வரிசையை ஊன்றி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இவ்வாறும், பலர் கூடி ஒரு மாற்றத்தைச் செய்யப் புகும் எவ்வமைப்புக்கும் பொருந்தும் படிகளாம். ஒரு முயற்சி தோற்றபின், கால் இடறிய படி எது என்று காண்பதற்கும் இவையே அளவுகோல்.

இவ்வளவுகோலை மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் நன்கறிந்த ஒரு மாற்றத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிப்பது என்று 2002ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. 2003 ஜனவரியில் முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழ் ஆறாம் படிவம் ஆகிய மூன்றிலும் ஒருங்கே அது தொடங்கிற்று. ஆசிரியர்க்கு மடிக்கணினியும், படம் வீழ்த்தும் கருவியும், ஊக்கத்தொகையும், பயிற்சியும் வழங்கப்பட்டன. ஆறரை ஆண்டுகள் கழிந்தன. 2009 ஜூலை 8ஆம் நாள், அத்திட்டம் 2012 முதல் கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது.

பொருளும் இருந்தது; ஆணையும் இருந்தது. பின் குறைந்தது யாது?

முதலாவது வலியறிதல். செய்யும் செயல், செய்வோர், எதிர்நிற்போர், துணைநிற்போர் ஆகிய நான்கின் ஆற்றலையும் எடைபோட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. ஈண்டுச் செய்வோர் யார்? நெகிரி செம்பிலானில் கெமாஸ் போன்ற வட்டாரங்களில் உள்ள தோட்டப்பள்ளி ஒன்றை எண்ணிப் பார்க்க. மாணவர் தொகை குறைந்த இடத்தில் இரண்டு ஆண்டினரை ஒரே அறையில் அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்துவது உண்டு. அறிவியலைத் தமிழிலேயே கற்பித்துப் பழகியவர் ஆசிரியர். வீட்டில் தமிழும் வெளியே மலாயும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. கருவி கொடுத்தமையால் இவ்வாற்றல் பெருகிவிடாது.

அடுத்தவை காலமும் இடமும். முடிவெடுத்த மறுஆண்டே மூன்று நிலைகளில் தொடங்கியமை காலமறியாமை. பெருநகர்ப் பள்ளிக்கும் தோட்டப்பள்ளிக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தமை இடனறியாமை.

இவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. ஆணை ஆங்கிலம் என்றது. ஆயினும் வகுப்பில் தாய்மொழியைக் கலந்தே விளக்கிய ஆசிரியர் பலர். 2008ஆம் ஆண்டின் ஆறாம் ஆண்டுத் தேர்விலும் இப்பாட வினாத்தாள்கள் இருமொழியில் அமைந்தன. செப்பும் மூடியும் போல் வெளியே பொருந்தி உள்ளே பிரிந்து நிற்றலை வள்ளுவர் உட்பகை அதிகாரத்தில் காட்டுகிறார். இவ்வாசிரியர் நிலையும் உட்பகைதானா? அன்று. உட்பகை என்பது கேட்டை மனத்தில் மறைத்து வைப்பது. இவர்கள் மறைத்தது, பிள்ளைக்குப் பாடம் விளங்கவேண்டும் என்ற கவலையை. இயலாமையைப் பகைமை என மயங்கும் தலைமை, மருந்து கொடுக்கவேண்டிய இடத்தில் தண்டனை கொடுக்கும். கீழிருந்து வந்த அந்த இடைவெளி ஒரு செய்தி. அதனை 2003லேயே கேட்டிருந்தால் 2009 வரை காத்திருக்க நேர்ந்திராது.

இதற்கு மாறான சான்றும் நம் தோட்டங்களிலேயே உண்டு. விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதுவும் பெரிய மாற்றமே. கூலியாய் இருந்தவர் நிலத்துக்குப் பங்காளியாகும் மாற்றம். பால்மரம் சீவும் தொழிலாளி 100 வெள்ளிப் பங்கைச் சிறு தவணைகளாகச் செலுத்த வழி வகுக்கப்பட்டது. தலைவர் தோட்டந்தோறும் சென்று நேரில் விளக்கினார். செய்வோரின் வலி அறிந்து தவணை அமைந்தது. செய்வோரே உடைமையாளர் ஆனமையால் உள்ளும் புறமும் ஒன்றாயின.

பின்னர் வந்த இருமொழிப் பாடத்திட்டம் 2016இல் தொடங்கியபோது நான்கு நிபந்தனைகள் வைக்கப்பட்டன: போதிய வளம், தலைமையாசிரியர் ஆசிரியர் ஆயத்தம், பெற்றோர் இசைவு, மலாய்மொழித் தேர்ச்சி. பழைய பாடம் ஓரளவு கற்கப்பட்டது என்பதற்கு இது சான்று. எனினும் சில தமிழ்ப்பள்ளிகள் அதில் சேர்ந்தபோது தமிழமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. காரணம் வெளிப்படை. அறிவியலும் கணிதமும் நீங்கினால் தமிழ்ப்பள்ளியில் தமிழுக்கு எஞ்சும் இடம் எவ்வளவு என்னும் வினா, நிபந்தனைகள் நான்கினுள் ஒன்றிலும் இல்லை. ஓர் அமைப்பு தன் உயிர்நிலை எனக் கருதுவதைத் தொடும் மாற்றம், அவ்வினாவை முதலில் பேசித் தீர்த்தாலன்றி நிலைபெறாது.

கெமாஸ் சந்திப்பில் கிழக்குக்கரைப் பாதையும் மேற்குக்கரைப் பாதையும் கூடுகின்றன. வண்டி தடம் மாறவேண்டுமாயின், அது வருமுன்னரே தண்டவாளத்தின் நாக்கு நகர்ந்து பொருந்தியிருத்தல் வேண்டும். புதிய சுற்றறிக்கை ஒன்று பள்ளிக்கு வரும்போது, அதனை ஆசிரியர் அறையில் படித்துக் கையொப்பம் வாங்குவதோடு தலைமையாசிரியர் பணி முடிவதில்லை. எதைக் கொண்டு, யார், எப்பொழுது, எவ்வளவு முடிக்க இயலும் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, இயலாது என்பார் சொல்லையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வேட்டை மேலிடத்துக்கு அனுப்பும் துணிவும் வினைத்திட்பத்தின்பாற் பட்டதே.