நாட்குறிப்பிலிருந்து வரலாற்றுக்கு: ‘ஒரு மருத்துவிச்சியின் கதை’ பற்றிய ஒரு நோக்கு

வரலாறு மன்னர்களதும் போர்களதும் கதை மட்டுமன்று. உழைத்து வாழ்ந்த சாதாரண மக்களின் வாழ்க்கையும் அதன் பொருளாதல் வேண்டும் என்னும் கருத்து இன்று புதியதன்று. ஆயின், அதனைக் கோருவது எளிது. செய்து காட்டுவது அரிது. சாதாரண மக்கள், அவர்களுள்ளும் குறிப்பாகப் பெண்கள், எழுதிவைத்துச் சென்றவை மிகச் சில. அச்சிலவும் அற்பமானவை என ஒதுக்கப்பட்டுவிடுவதுண்டு. இவ்விரு தடைகளையும் நேர்நின்று எதிர்கொண்ட நூல் என்ற வகையில், அமெரிக்க வரலாற்றாசிரியை லோறல் தச்சர் உல்றிச் 1990இல் வெளியிட்ட ‘ஒரு மருத்துவிச்சியின் கதை’ ஊன்றி நோக்கற்பாலது. 1991இல் வரலாற்றுக்கான புலிற்சர் பரிசு இந்நூலுக்கு வழங்கப்பட்டது.

நூலின் நாயகி மார்த்தா பலாட். 1735இல் மசச்சூசெற்ஸின் ஒக்ஸ்போட் என்னும் ஊரிற் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். 1769இல் பரவிய தொண்டையடைப்பான் நோய்க்கு அவர்களுள் மூவரைப் பறிகொடுத்தவர். 1777இல் குடும்பத்துடன், இன்றைய மெயின் மாநிலத்தில் கெனெபெக் ஆற்றங்கரையிலுள்ள ஹலோவெல் என்னும் புதிய குடியேற்றத்துக்குப் பெயர்ந்தார். கணவர் எப்ரைம் நில அளவையாளர். ஆலைத் தொழிலும் செய்தவர். 1785 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம் 1812இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் வரை, இருபத்தேழு ஆண்டுகள் மார்த்தா நாட்குறிப்பு எழுதினார். அக்காலத்தில் அவர் பார்த்த பிரசவங்கள் 816.

இந்நாட்குறிப்பு உல்றிச் கண்டெடுத்த புதையலன்று. அப்பகுதியின் வரலாற்றை 1870இல் எழுதிய ஜேம்ஸ் நோத் அதனை அறிந்திருந்தார். அதன் பெரும்பகுதி பொதுவான ஆர்வத்துக்குரியதன்று எனக் கருதினார். பின்னர் அதனைச் சுருக்கிப் பதிப்பித்த சாள்ஸ் நாஷ், திரும்பத் திரும்ப வரும் செய்திகளை வேண்டாதவையென விட்டுச் சென்றார். இன்ன நாள் ஆற்றைக் கடந்தேன், இன்னார் வீட்டிற் பிள்ளை பிறந்தது, இத்தனை பாகம் நூல் நூற்கப்பட்டது என்பனவே அச்செய்திகள். உல்றிச்சின் சாதனை, பிறர் கழித்துவிட்டதையே தமது மூலதனமாக்கிக் கொண்டமையாகும். ஒருமுறை எழுதப்பட்ட செய்தி வெறும் செய்தி. ஆயிரம் முறை எழுதப்பட்டது ஒரு சமூகத்தின் அமைப்பு. பத்து இயல்களிலும் முதலில் நாட்குறிப்புப் பகுதியை அதன் எழுத்துப் பிழைகளுடனேயே தந்து, பின்னர் அதனை விளக்கிச் செல்கிறார். ஆதாரத்தையும் விளக்கத்தையும் அருகருகே காணும் வாசகன், ஆசிரியரின் முடிபுகளைத் தானே உரைத்துப் பார்க்க முடிகின்றது. ஆய்வு நேர்மைக்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பிரசவம் இந்நூலில் ஓர் உடலியல் நிகழ்ச்சியாக மட்டுமன்றி, ஒரு சமூக நிறுவனமாகவே காட்டப்படுகின்றது. நோவு தொடங்கியதும் மருத்துவிச்சி அழைக்கப்படுகிறார். வேளை நெருங்கும்போது அயற் பெண்கள் கூடுகின்றனர். குழந்தை பிறந்தபின் தாயைப் பராமரிக்கும் தாதி வந்து சேர, மருத்துவிச்சி விடைபெறுகிறார். தாய் மீண்டும் அடுக்களைக்குத் திரும்பும்போதே அந்நிகழ்வு முற்றுப்பெறுகின்றது. மருத்துவிச்சியாதற்குப் பள்ளியும் இல்லை, பட்டமும் இல்லை. அயல் வீடுகளிற் கூடிநின்ற பெண்களுள் ஒருத்தியே, கண்டும் கைகொடுத்தும் பழகி, ஒரு நாள் பொறுப்பைத் தானே ஏற்கிறாள். மார்த்தா தனித்துப் பொறுப்பேற்ற முதற் பிரசவம் 1778இல் நிகழ்ந்தது. வழக்கமான கூலி ஆறு சிலிங். அது பெரும்பாலும் பண்டமாகவே வந்து சேர்ந்தது. கூலி கிடைத்ததும் ஓரத்தில் அடையாளமிட்டுக் கொள்வது அவர் வழக்கம். ஆகவே அந்நாட்குறிப்பு ஒரே வேளையிற் கணக்கேடாகவும் பிறப்புப் பதிவேடாகவும் அமைந்தது.

நூலின் மிகச் சிறந்த பகுதி, இத்தொழிலின் பொருளியல் அடித்தளத்தை வெளிப்படுத்தும் பகுதியே எனலாம். பனிக்கட்டி மீதும் படகிலும் ஆற்றைக் கடந்து, இரவென்றும் பகலென்றும் பாராது மார்த்தா பிறர் வீடு செல்ல முடிந்தது எவ்வாறு? வீட்டிலே தறியும் இராட்டையும் ஓய்ந்திருக்கவில்லை. மகள்மார் ஹனாவும் டொலியும் அவற்றை இயக்கினர். மகள்மாரின் உழைப்பே தாயை வீட்டு வேலையினின்றும் விடுவித்தது. 1792இல் ஹனாவும் 1795இல் டொலியும் மணமுடித்துச் சென்றபின், வேலைக்கு நின்ற பெண்களும் நிலைக்காதபோது, முதுமையை நோக்கிச் சென்ற மருத்துவிச்சி இரு சுமைகளையும் ஒருங்கே சுமக்க வேண்டியதாயிற்று. தொண்டு மனப்பான்மை, தியாகம் என்னும் சொற்களால் மூடிவிடக்கூடிய ஒன்றை, உழைப்புப் பங்கீட்டின் விளைவாக உல்றிச் எடுத்துக்காட்டுகிறார். எந்தத் தனிமனிதத் திறமைக்கும் பின்னால் பெயரறியாப் பலரின் உழைப்பு உண்டு என்னும் உண்மை இங்கு வாய்பாடாக அன்றி, வாழ்க்கையாகவே புலப்படுகின்றது.

மருத்துவிச்சி சட்டத்தின் கருவியுமாவார். மணமாகாத தாயிடம், நோவின் உச்சத்தில், தந்தையின் பெயரைக் கேட்டறிந்து சாட்சி கூறுவது அவரது கடமை. 1791இல் சாலி பியர்ஸ் என்னும் பெண் அவ்வாறு கூறிய பெயர் மார்த்தாவின் சொந்த மகன் ஜொனதனுடையது. மார்த்தா அதனை மறைக்கவில்லை. ஏனைய பெயர்களைப் போலவே அதனையும் பதிந்தார். அடுத்த ஆண்டு அவ்விருவருக்கும் திருமணம் நடந்தது. 1785க்கும் 1797க்கும் இடையில் மார்த்தா பார்த்த 106 தலைப்பிரசவங்களுள் 40, மணத்துக்கு முன் கருக்கொண்டவை என உல்றிச் கணக்கிடுகிறார். பழைய சமூகம் பற்றிய ஒழுக்கக் கற்பனைகள் பல இவ்வெண்ணின் முன் நிலைகுலைகின்றன.

மார்த்தாவின் கையில் எந்தத் தாயும் பிரசவ வேளையில் இறக்கவில்லை. பின்னர், படுக்கையிலிருந்த நாட்களில், ஐவர் இறந்தனர். இளம் மருத்துவர் பெஞ்சமின் பேஜ் அபின் கரைசல் கொடுத்தமையால் ஒரு பெண்ணின் நோவு நெடுநேரம் நின்றுபோனதையும் நாட்குறிப்பு கண்டிப்புடன் பதிகின்றது. இவற்றைக் கொண்டு, வீட்டுப் பிரசவமே பாதுகாப்பானது, மருத்துவம் வந்து அதனைக் கெடுத்தது என்று முடிவுகட்ட விழைவோர் உளர். உல்றிச் அத்துணை எளிய முடிபுக்கு இடந்தருபவரல்லர் எனினும், நூலின் அனுதாபம் செல்லும் திசை அத்தகைய வாசிப்புக்கு வழிவிடவே செய்கின்றது. அபடீன் நகர மருத்துவர் அலெக்சாந்தர் கோடன் 1795இல், பிரசவக் காய்ச்சலைத் தாயிடமிருந்து தாய்க்குக் கொண்டுசென்றவர்கள் மருத்துவரும் மருத்துவிச்சியருமே எனத் தம்மையும் உள்ளடக்கி எழுதினார். வீடு தன்னளவிற் காப்பன்று. 816 பிரசவங்களுக்கு ஐந்து மரணம் என்பது ஆயிரத்துக்கு ஆறு ஆகும். அக்காலத்துக்கு அது பெருஞ் சாதனை. இக்காலத்துக்கு அது பேரிழப்பு. இரண்டையும் ஒருங்கே சொல்லுதலே வரலாற்றுணர்வு.

நூலின் வேறொரு குறைபாடும் சுட்டப்படல் வேண்டும். மார்த்தா தமது திறமையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. தாய் நலமாகப் பெற்றாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கைகள் என்ன செய்தன என்பது நாட்குறிப்பில் இல்லை. எனவே அவரது திறமை விளைவுகளிலிருந்து ஊகிக்கப்படுகின்றதேயன்றி, காணப்படவில்லை. உணர்வுகளின் நிலையும் அதுவே. மௌனங்களை நிரப்பும் உல்றிச்சின் ஊகங்கள் பெரும்பாலும் பொருத்தமானவையெனினும், சிலவிடங்களில் நாட்குறிப்பின் வறண்ட குரலை உரையாசிரியையின் கனிந்த குரல் மேவிவிடுகின்றது.

எனினும் இந்நூல் எழுப்பும் வினா தமிழ் மாணவருக்கும் உரியது. மார்த்தா பிறந்த அதே மசச்சூசெற்ஸிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், பிரசவ மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கினார். அது மருத்துவர் தந்த அறிவு. தமிழ் மருத்துவ வரலாற்றில் அதற்குரிய இடம் கிடைத்துள்ளது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய பின்னர், பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடுதோறும் சென்று தாய்மாரைப் பேணியதும் இந்நாட்டின் பெருமைக்குரிய வரலாறு. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஆயின், கிராமந்தோறும் பிள்ளை ஏந்திய மருத்துவிச்சியர் அறிந்தவை பெரும்பாலும் முதியோரின் நினைவிலேயே தங்கியுள்ளன. மருத்துவ மாதரின் பதிவேடுகளைப் புள்ளிவிபரத்துக்கு அப்பால் வாசிக்கும் முயற்சியும் வேண்டப்படுகின்றது. நினைவு நாட்குறிப்பைப் போலன்று; உரியவருடன் அது மறைந்துவிடும். எது அற்பம் என்று ஒதுக்கப்படுகின்றதோ, அதனையே முதலில் எழுதி வைத்தல் வேண்டும் என்பதுதான் மார்த்தாவின் இருபத்தேழு ஆண்டுகள் கற்பிக்கும் பாடமாகும்.