கதிரை கை மாறியது, முகாம் மாறவில்லை

சென்ற மாரிக்கு முன்னர் ஓர் அலுவலாக மூதூரிலிருந்து வெருகல் வரை போக நேர்ந்தது. இப்போது பாலம் இருக்கிறது. முந்தி மாதிரி பாதைக்குக் காத்துக் கிடக்கத் தேவையில்லை. திரும்பும்போது ஈச்சிலம்பற்றில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கினோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி பேச்சுக்கு வந்தார். 2003 நவம்பர் பற்றி எழுதுவதற்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "அந்த நேரம் சந்திரிகா அம்மா பாதுகாப்பு அமைச்ச எடுத்தவ. ஞாபகம் இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆரு மந்திரி எண்டு எங்களுக்கு என்னத்துக்குத் தம்பி? எந்தச் சென்றியில ஆரு நிக்கிறான் எண்டு தெரிஞ்சாப் போதும். அத வச்சுத்தான் மாட்ட அவுக்கிறதா, கட்டுறதா எண்டு பாப்பம்."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. என் குறிப்புக் கொப்பியில் மந்திரிமார்தான் இருந்தார்கள். சென்றி ஒன்றும் இருக்கவில்லை.

2003 நவம்பர் நெருக்கடியைப் பற்றி நமது சமூகத்தில் எழுதப்பட்டவற்றையும் பள்ளிவாசல் திண்ணைகளில் பேசப்பட்டவற்றையும் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். "ரணில் நாட்டை எழுதிக் கொடுக்கப் பார்த்தார், சந்திரிகா தடுத்தார்" என்பது ஒரு கட்சி. "சமாதானம் கைக்கு எட்டிய நேரத்தில் சந்திரிகா தட்டிவிட்டார்" என்பது மற்றக் கட்சி. இரண்டிலும் நாடு என்றால் கொழும்பு. இரண்டிலும் திருகோணமலை ஒரு துறைமுகத்தின் பெயர் மாத்திரமே. அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு இரண்டு பக்கத்துக்கும் இல்லை. இந்த இரண்டு வாசிப்பிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணி வென்றது. ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஒரு கட்சி. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் அமைச்சரவையும் எதிர்க்கட்சி. முப்படைகளின் தளபதி ஜனாதிபதி; பாதுகாப்பு அமைச்சரோ பிரதமரின் ஆளான திலக் மாரப்பன. 2002 பெப்ரவரி 23 அன்று யுத்த நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆறு சுற்றுப் பேச்சுகள் நடந்தன. கடைசிச் சுற்று 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனேயில். ஏப்ரல் 21ஆம் திகதி விடுதலைப் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள். ஒக்டோபர் 31ஆம் திகதி இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனைகளைக் கையளித்தார்கள். நான்கு நாள் கழித்து, நவம்பர் 4ஆம் திகதி, பிரதமர் வொஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசன ஊடகம். மூன்றாவது அமைச்சை இழந்தவர் இம்தியாஸ் பாக்கீர் மாக்கார் என்பதால் நம்மவர்கள் அதை ஒரு சமூகப் பிரச்சினையாகவும் கொஞ்ச நாள் பேசினார்கள். பாராளுமன்றம் நவம்பர் 19 வரை ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் 14ஆம் திகதி நோர்வே, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகும் வரை அனுசரணைப் பணியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2004 பெப்ரவரி 7ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 2ஆம் திகதி தேர்தல். ஜனாதிபதியின் கூட்டணி 105 ஆசனங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது.

அமைச்சுகளை எடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு சீர்கெடுகிறது என்பது. அதற்கு அந்த ஆண்டு முழுவதும் முன்வைக்கப்பட்ட பெரிய சான்று திருகோணமலை. துறைமுகத்தைச் சுற்றிப் புலிகள் முகாம்களைப் பலப்படுத்துகிறார்கள் என்று லக்ஷ்மன் கதிர்காமர் எச்சரித்து வந்தார். கிண்ணியாப் பக்கம் மணிராசகுளத்தில் அமைக்கப்பட்ட முகாம் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கிறது என்று கண்காணிப்புக் குழு தீர்மானித்தும் புலிகள் விலகவில்லை. கிண்ணியா மக்களுக்கு அது வயலும் மாடும் சம்பந்தப்பட்ட பிரச்சினை. கொழும்பில் அது கதிரை சம்பந்தப்பட்ட பிரச்சினையாக மாறியது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எச்சரிக்கை பொய்யல்ல. 2006 ஓகஸ்டில் சம்பூர்ப் பக்கமிருந்து ஏவப்பட்ட ஷெல்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் விழுந்தன. எச்சரித்தவர்களைச் சமாதானத்தின் எதிரிகள் என்று ஒதுக்கிய ஐக்கிய தேசிய முன்னணி அரசாங்கம் இதற்குப் பதில் சொல்லவேயில்லை.

ஆனால் அடுத்த கேள்வியை முதலாம் கட்சியார் கேட்பதேயில்லை. 2003 நவம்பருக்கும் 2006 ஓகஸ்டுக்கும் இடையில் இரண்டே முக்கால் வருடம். பாதுகாப்பு அமைச்சு கை மாறிவிட்டது. அரசாங்கமும் மாறிவிட்டது. குடாவைச் சுற்றியிருந்த முகாம்கள் மாறினவா? இல்லை. எந்த ஆபத்தைச் சொல்லிக் கதிரை எடுக்கப்பட்டதோ, அந்த ஆபத்து கதிரை கிடைத்த பின்னும் இருந்த இடத்திலேயே இருந்தது. பாதுகாப்பு அங்கே ஒரு வேலையாக இருக்கவில்லை. ஒரு நியாயமாக மட்டுமே இருந்தது. 2003 நவம்பர் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

அக்கால ஆவணங்களை ஓர் இலக்கியப் பிரதியை வாசிக்கிற கண்ணோடு வாசித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று பார்த்தால் போதும். யுத்த நிறுத்த உடன்படிக்கையின் முன்னுரை, மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத மக்களும், விசேடமாக முஸ்லிம்களும், அதன் விளைவால் துன்பப்படுவதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பொதுமக்களின் பாதுகாப்பு பற்றிய ஏற்பாடுகள் எல்லோருக்கும் பொருந்தும் என்கிறது. துன்பப்படுகிறவர்களாக நாம் அந்தப் பிரதிக்குள் நுழைகிறோம். கையொப்பமிடுகிறவர்களாக இல்லை. இடைக்காலத் தன்னாட்சி யோசனையில் எட்டு மாவட்டங்கள் பெயர் சொல்லப்படுகின்றன. திருகோணமலையும் அதில் ஒன்று. சபையில் முஸ்லிம்களுக்கு அங்கத்தவர் உண்டு; ஆனால் அறுதிப் பெரும்பான்மை புலிகளின் நியமனத்துக்கு. தமது பங்கு என்ன என்பதை வகுப்பதில் பங்கேற்க முஸ்லிம்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்லப்படுகிறது. அதாவது எழுதி முடித்த கடிதத்தில் நமது பத்திக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஜனாதிபதி தரப்பின் பேச்சிலோ மக்கள் இன்னும் தூரத்தில் நிற்கிறார்கள். அங்கே பாதுகாக்கப்பட வேண்டியது துறைமுகம்.

மூன்று பிரதியிலும் ஈச்சிலம்பற்று இல்லை. அது அக்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. பெரும்பாலும் தமிழ்க் கிராமங்கள். ஆகவே அரசாங்கத்தின் எந்தக் கதிரையும் அந்த மக்களைத் தன்னுடைய ஆட்களாக எண்ணவில்லை. புலிகளும் அவர்களைக் கேட்டு எதையும் செய்யவில்லை.

கொழும்பில் கதிரைச் சண்டை நடந்த அதே காலத்தில் புலிகளுக்குள்ளும் ஒரு தலைமைச் சண்டை வெடித்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2004 மார்ச் 3ஆம் திகதி கருணா பிரிந்தார். கொழும்பில் தேர்தல் முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஏப்ரல் 9, 10ஆம் திகதிகளில் வன்னியின் படை வெருகலாற்றைத் தாண்டி கிழக்குப் படையைத் தாக்கியது. அந்தத் தேத்தண்ணிக் கடையிலிருந்து அதிக தூரமில்லை. ஆற்றின் இரு கரையிலும் இருந்தவர்கள் நேற்று வரை ஒரே இயக்கத்தின் பிள்ளைகள். அங்கேயும் சொல்லப்பட்ட வார்த்தைகள் பாதுகாப்பும் துரோகமும்தான்.

நமது வீட்டையும் பார்க்க வேண்டும். 2002 ஏப்ரல் 13ஆம் திகதி ரவூப் ஹக்கீம் பிரபாகரனுடன் ஓர் இணக்கப்பாட்டில் கையொப்பமிட்டார். அடுத்து வந்த மாதங்களில் முஸ்லிம் காங்கிரஸ் தன் தலைமைப் பிரச்சினையிலேயே பிளந்தது. பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்று வெளியே கேட்டோம். அந்தத் தரப்புக்கு யார் தலைவர் என்று உள்ளே அடித்துக்கொண்டோம். தலைமை அமானிதம் என்று மேடையில் சொல்லாத தலைவர் நம்மில் இல்லை. 2003இல் மூதூரில் கலவரமும் கடையடைப்புமாக இருந்தபோது அந்த அமானிதம் யார் கையில் இருந்தது?

பிறகு வந்ததை மூதூரார் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்றின் கதவு மூடப்பட்டது. ஓகஸ்ட் முதல் கிழமையில் புலிகள் மூதூருக்குள் நுழைந்தார்கள். அடைக்கலம் புகுந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. ஊர் முழுக்க கந்தளாய்க்கு நடந்தது. அந்த நாட்களிலேயே மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அடுத்து ஈச்சிலம்பற்றாரின் முறை. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வாகரைக்கு ஓடினார்கள். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் மீது இராணுவத்தின் ஷெல் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே குடாவின் இரு பக்கத்து மக்கள், சில மாத இடைவெளியில், ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

இதெல்லாம் 2003 நவம்பரால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. மாவிலாற்றை மூடியது கொழும்புக் கதிரை அல்ல. ஆனால் பொறுப்பு இரண்டாகப் பிளந்து கிடந்த மாதங்களில், இந்தப் பகுதியின் சிறிய பிரச்சினைகளைச் சிறியதாக இருக்கும்போதே தீர்க்க ஒருவரும் இருக்கவில்லை. முகாம், காணி, கடத்தல், வீதித் தடை என்று எதைக் கொண்டு போனாலும், "இப்ப அது எங்கட கையில இல்ல" என்று இரண்டு பக்கமும் சொல்ல முடிந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

இதே வசதி பதினைந்து வருடம் கழித்து மறுபடியும் நாட்டுக்குக் கிடைத்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றத்தைக் கலைத்தார். கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பர் 16ஆம் திகதி ரணில் திரும்பி வந்தார். கதிரை திரும்பக் கிடைத்தது. பாதுகாப்புச் சபையின் கதவு திறக்கவில்லை. பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் அச்சபைக்கு அழைக்கப்படவில்லை என்பதைப் பின்னர் பாராளுமன்றத் தெரிவுக்குழு பதிவு செய்தது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது மேசைக்கு மேசை நகர்ந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன் பிறகு கணக்கு நம் பெயரில் எழுதப்பட்டது. மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 3ஆம் திகதி ஒன்பது முஸ்லிம் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். சஹ்ரானைப் பற்றி 2017இலேயே காத்தான்குடி மக்கள் முறையிட்டிருந்தார்கள் என்பதை அன்று கேட்க ஆளில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. பாதுகாப்பு, புலனாய்வு அதிகாரிகள் நால்வரும் செலுத்த வேண்டியதாயிற்று. தலைவர்கள் தமக்குள் மோதிக்கொண்டிருந்த காலத்தில் கடமை தவறியதற்குப் பெயரும் தொகையும் குறிக்கப்பட்டன. 2006 மூதூருக்கும் கதிரவெளிக்கும் அப்படி ஒரு தாள் இன்று வரை இல்லை. அந்தப் 17 பணியாளர்களின் கொலைக்கும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2019ஐப் பற்றி நாம் நன்றாக எழுதுகிறோம். ஜனாதிபதியும் பிரதமரும் மோதியதால் நம்மைப் பலி கொடுத்தார்கள் என்று சரியாகவே சொல்கிறோம். அந்தக் கண்ணை 2003க்கு ஏன் நாம் கொண்டு போகவில்லை? அங்கே நமக்குப் பக்கத்தில் ஈச்சிலம்பற்று நிற்கிறது என்பதாலா? நாம் எழுதும் 2006 மூதூரில் தொடங்கி கந்தளாயில் முடிகிறது. தமிழர் எழுதும் 2006 சம்பூரில் தொடங்கி வாகரையில் முடிகிறது. இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று வாசிப்பதில்லை. கிழக்கின் முஸ்லிம் எழுத்தில் நான் காணும் பெரிய குறை இது. அவர்களது எழுத்திலும் இதே குறை உண்டு. அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. 2002 பெப்ரவரியிலிருந்து 2007 வரை கொட்டியாரக் குடாவைச் சுற்றி நடந்தவற்றை நாள்வாரியாகத் தொகுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் கொழும்பில் அன்று என்ன நடந்தது; எதிர்ப் பக்கத்தில் மூதூரில், கிண்ணியாவில், சம்பூரில், ஈச்சிலம்பற்றில் அன்று என்ன நடந்தது. சாட்சிகள் வயதாகிக்கொண்டு போகிறார்கள். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால் ஒரு வருட வேலை.

கடையிலிருந்து எழும்பும்போது அந்த ஐயாவிடம் 2003 நவம்பரில் எந்தச் சென்றி எங்கே இருந்தது என்று கேட்டேன். தேத்தண்ணிக் கிளாசை நகர்த்திவிட்டு மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஆறு இது, றோட்டு இது, நாங்க இஞ்ச. நான் கொப்பியில் வரைந்துகொண்டேன். மூதூர்ப் பக்கத்துச் சென்றிகள் அவருக்குத் தெரியவில்லை. "அது உங்கட ஆக்கள்ட்டத்தான் கேக்கணும்" என்றார்.