கூட்டுக்குரலுக்கு ஒரு வாத்தியார்

கோவில்பட்டியில் நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. பக்கத்து எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனை பற்றிக் கரிசல்காட்டு எழுத்தாளர்கள் உருகி உருகிப் பேசியிருக்கிறார்கள். ஆக, இந்த வறண்ட பூமி தன் இசைக்காரர்களை மறந்துவிடவில்லை. ஆனால் அது நினைவில் வைத்திருக்கும் எல்லாருமே தனி ஆட்கள். தனியாக ஊதியவர், தனியாகப் பாடியவர், தனியாக உட்கார்ந்து கீர்த்தனை செய்தவர். ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி, ஒருத்தர் குரலை இன்னொருத்தர் காதுகொடுத்துக் கேட்கும்படி பழக்கி, ஒரே பாட்டாக வெளியே கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் ஊர் யோசிக்கும். இலங்கையில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பெயரைச் சொல்வார்கள், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள், கொழும்பில் பாடகர் குழுவை நடத்தியவர் பெயரைச் சொல்வார்கள். இந்த வேறுபாட்டுக்கு ரசனையும் இசை இலக்கணமும் காரணம் என்று சொல்வது வழக்கம். அவற்றைவிடப் பெரிய காரணம், சேர்ந்து பாடவைக்கும் வேலைக்கு ஓர் இருக்கை உண்டா, அந்த இருக்கைக்கு அடுத்த ஆள் உண்டா என்பதுதான் என்பது என் வாதம்.

கரிசலில் சேர்ந்து பாடுவதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. முளைப்பாரி எடுக்கும்போது ஒரு பெண் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கும்மிகொட்டித் திருப்பிப் பாடுவார்கள். பருத்தியிலும் மிளகாயிலும் களை எடுக்கையில் பாட்டு நிரைக்கு நிரை மாறி ஓடும். வில்லுப்பாட்டில் புலவர் சொல்லை வாங்கிப் பாடுவதற்கென்றே பக்கப்பாட்டுக்காரர்கள் உண்டு. மார்கழி பஜனைக் கோஷ்டியிலும் இதே ஏற்பாடுதான். முளைப்பாரிப் பாட்டுக்காரி செய்வது பாடகர் குழுத் தலைவர் செய்கிற அதே வேலை. சுருதி குறைந்தால் அவள்தான் தூக்கிவிடுகிறாள். புதிதாக வந்த மருமகளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதும் அவள்தான், எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டைத் தொடுப்பது என்று முடிவெடுப்பதும் அவள்தான். இத்தனையும் செய்தபின் அவளுக்குச் சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. திருவிழா முடிந்ததும் அவள் மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்கோ காட்டு வேலைக்கோ போய்விடுகிறாள்.

தேவாலயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் தமிழகம் வந்த புதிதில் பணிசெய்த பழைய கத்தோலிக்கத் தலம். வடக்கே சிவகாசியை மையமாக வைத்து 1854 முதல் ராக்லண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஊழியம் செய்தார். 1858இல் அங்கேயே இறந்தார். இப்படி வளர்ந்த சபைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடியாக வேண்டும் என்பதால் குயர் என்கிற பாடகர் குழு நிரந்தரமாக இருக்கிறது. குயர் மாஸ்டர் என்ற பெயரும் இருக்கிறது. பாமாலைக்கு மேலை மெட்டு, கீர்த்தனைக்கு ராகமும் தாளமும் என இரண்டு இசை முறைகளில் ஒரே குழுவைப் பழக்கவேண்டிய ஆள் அவர். இது லேசான திறமை இல்லை. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் அவர் பகலில் பள்ளி ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பவர், பாட்டு அவருக்கு ஊழியம். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டால் அந்தச் சபையின் நான்கு குரலும் ஒரே வருஷத்தில் ஒற்றைக் குரலாகிவிடும். டிசம்பர் மாதத்துக் கீத ஆராதனைக்கு மட்டும் எப்படியோ உயிர் வரும்.

இதற்குப் பக்கத்தில் மட்டக்களப்புக் கூத்தை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு கூத்துப் பழகுவது மாதக்கணக்கில் நடக்கும் ஊர்க்காரியம். ஆட்களைத் தேர்ந்து சட்டம் கொடுப்பதில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய் அரங்கேற்றத்தில் முடியும். ஆட்டம், பாட்டு, மத்தளம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அண்ணாவியார். அவர் மத்தளத்தோடு நின்று பாட்டை எடுத்துக்கொடுக்க, பிற்பாட்டுக்காரர்கள் ஏற்றுப் பாடுவார்கள். அவருக்குச் சன்மானம் உண்டு, சபையில் மரியாதை உண்டு, அவரிடம் பழகியவர்களில் ஒருவர் அடுத்த அண்ணாவியார் ஆவதும் உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, மாணவர்களைப் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை நாடினார். விடிய விடிய நடந்த கூத்து சுருங்கியது, வட்டக்களரி படச்சட்ட மேடை ஆனது, இதெல்லாம் சரிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. கிராமத்தில் கூட்டுக்குரலை நடத்திய ஒருவரைப் பல்கலைக்கழகம் தகவல் கொடுப்பவராக மட்டும் நடத்தவில்லை, ஆசிரியராக ஏற்றது. நம் ஊரில் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் முளைப்பாரிப் பாட்டை ஒலிநாடாவில் பதிந்தன, அச்சிட்டன, ஆய்வுப் பட்டங்களும் கொடுத்தன. பாட்டுக்காரியைக் கூப்பிட்டு மாணவர்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்க வைத்தது அபூர்வம்.

இலங்கையின் இன்னொரு ஏணி பள்ளிக்கூடம். அங்கே ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை அழகியல் பாடம் ஒன்றைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும். கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சாதாரண தரப் பரீட்சையிலும் அதை எழுதலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலான அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் இருப்பதால், பாட்டுப் படித்த ஒரு பெண்ணுக்கு அரச சம்பளத்தில் சங்கீத ஆசிரியை ஆகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. அப்படி வந்தவர்தான் தமிழ்மொழித் தினப் போட்டியின் குழு இசைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறார். கொழும்பு இன்னொரு உலகம். சட்டமும் மேலை இசையும் இங்கிலாந்தில் கற்றுத் திரும்பிய தேவார் சூரியசேனா, சிங்கள நாட்டார் மெட்டுகளைத் தேடிச் சேர்த்து ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். லைலி கோட்ரிட்ஜ் தம் பெயரிலேயே குழு நடத்தினார். சௌந்தரி டேவிட் 1999இல் தொடங்கிய ‘சோல் சவுண்ட்ஸ்’ வெளிநாட்டுப் பாடகர் குழு விழாக்கள்வரை போனது.

இங்கே முதல் மறுப்பு வரும். நம்முடைய இசை தனி மனிதரின் மனோதர்மத்தில் நிற்பது, ஐம்பது தொண்டை ஒரே கமகத்தைப் பிடிக்க முடியாது, ஆகவே சேர்ந்திசை நமக்கு ஒட்டாது என்பார்கள். கமகம் பற்றிச் சொல்வது பாதி உண்மை. தோடியை ஐம்பது பேர் இழைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த மறுப்புக்கு எட்டயபுரமே பதில் வைத்திருக்கிறது. 1890களில் கீர்த்தனைகளை மேலை ஸ்டாஃப் குறியீட்டில் அச்சிட்ட சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். அவர் தூண்டுதலும் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவும் சேர்ந்துதான் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அந்த ஊர் அச்சகத்திலேயே வெளியிட்டார். குருவின் வாயிலிருந்து ஒரு சீடன் காதுக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பலரும் ஒரே மாதிரி பார்த்துப் பாடலாம் என்று ஆக்கிய முயற்சி அது. அதற்கும் முன்பே முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்திருந்தார். நோட்டுஸ்வரம் என்று சொல்லப்படும் அந்தச் சின்ன உருப்படிகளில் கமகத்துக்கு வேலையே இல்லை, பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவதற்கென்றே அளந்து தைத்தவை போலிருக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் இந்திய ராகங்களில் பெரும் பாடகர் குழுக்களை நடத்திவரும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் இந்த நோட்டுஸ்வரங்களை ஆராய்ந்து, புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பதிவும் செய்தார். எட்டயபுரத்தில் அடங்கியவரின் பாட்டு சின்சினாட்டியில் கூட்டுக்குரல் ஆனதற்கு அங்கே அதை நடத்த ஓர் ஆள் இருந்தது காரணம். எட்டயபுரத்துப் பள்ளியில் அது நடக்காததற்கு இலக்கணத்தின்மீது பழிபோட முடியாது.

தமிழ்நாட்டிலேயே இதைச் செய்துகாட்டியவர் எம்.பி. சீனிவாசன். 1925இல் பிறந்தவர், பொதுவுடைமைக்காரர். ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கும் பிறகு ஏராளமான மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவர், திரைத்துறை வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் இசைக்குழு பாரதியின் பாட்டுகளைச் சேர்ந்திசையாகப் பாடியது. ஒரே குரலில் புறப்பட்டு, ராகத்தின் முகம் கெடாமல் இரண்டாக மூன்றாகப் பிரிந்து, மறுபடி ஒன்றுகூடும் அந்த முறை, நமக்கு ஒட்டாது என்ற பேச்சுக்குப் பாடியே சொன்ன பதில். அகில இந்திய வானொலியும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அவர் வாழ்க்கையின் கணக்கைப் பாருங்கள். வருமானம் சினிமாவிலிருந்து, உற்சாகம் இயக்கத்திலிருந்து, ஒலிபரப்பு வானொலியிலிருந்து. சேர்ந்திசை நடத்துபவர் என்பதற்காக அவருக்கு எந்த நிறுவனமும் நிரந்தர நாற்காலி போடவில்லை. பாட்டுப் பழக்கப் போன இடமான லட்சத்தீவில் 1988இல் அவர் இறந்தார். குழுவினர் விடாமல் தொடர்ந்தார்கள், திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு குழு எழுந்தது. கரிசல் பக்கம் அந்த அலை வேறு வடிவில் வந்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளில் கரிசல் குயில் கிருஷ்ணசாமி போன்றவர்கள் பாடினார்கள், 1990களில் அறிவொளி இயக்கம் தெருத்தெருவாகப் பாட்டைக் கொண்டுபோனது. அது பெரிய காலம். இயக்கம் ஓய்ந்தபோது பாட்டும் ஓய்ந்தது, ஏனென்றால் பாடவைப்பவர் தொண்டராகத்தான் இருந்தார்.

இரண்டாவது மறுப்பு மதுரை அரசரடியிலிருந்து வரக்கூடியது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற பெயரில் எழுதிய தியாபிலஸ் அப்பாவு, பறையும் நாட்டுப்புற மெட்டும்தான் ஒடுக்கப்பட்டவர்களின் வழிபாட்டு மொழி என்று வாதாடி, அப்படியே பாட்டும் செய்தார். அவரைப் பின்பற்றுகிறவர்கள், நான்கு குரலும் கைவீசும் தலைவரும் இறக்குமதிச் சரக்கு, கிராமத்துக்கு நடத்துநர் எதற்கு என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. குச்சி பிடித்துக் கைவீசுவதை நான் பரிந்துரைக்கவில்லை. அப்பாவுவுக்கே தம் பாட்டுகளைப் பழக்கிப் பரப்ப ஒரு கல்லூரி வேலையும், ஆண்டுதோறும் மாறி வரும் மாணவர்களும் தேவைப்பட்டன. போதகராகப் போன அந்த மாணவர்கள்தான் அவர் மெட்டுகளை ஊர்களுக்கு எடுத்துப் போனார்கள். எந்த இசையைச் சேர்ந்து பாடினாலும் அதைக் கட்டிக்காக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு அவரே நல்ல சாட்சி.

மூன்றாவது மறுப்பு இலங்கையைப் பற்றியது. கொழும்புப் பாடகர் குழு ஆங்கிலம் பேசும் வசதியான வீடுகளின் சங்கதி, வடக்கும் கிழக்கும் முப்பது வருஷப் போரில் ஆசிரியரையும் மாணவரையும் இழந்தவை, இதில் எதைப் பார்த்து நாம் பொறாமைப்படுவது என்று கேட்கலாம். கொழும்பைப் பற்றிய குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலும் அதே கதைதான்: 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனை ஹேண்டல் மானுவேல், அகஸ்டின் பால் போன்ற தேர்ந்த நடத்துநர்கள் வழிநடத்தியும், அதன் பாட்டு கோவில்பட்டி வரை எட்டவில்லை. பரீட்சையும் போட்டியும் பாட்டைக் கெடுக்கின்றன என்பதும் உண்மை. குழு இசை என்றால் கோப்பைக்காக ஒரே உருப்படியை ஆறு மாதம் உருப்போடுவது என்று பல இலங்கைப் பள்ளிகளில் ஆகிவிட்டது, குரல்கள் பிரிந்து பாடுவதும் அங்கே தமிழ்ப் பள்ளிகளில் அதிகம் இல்லை. அண்ணாவியார்களின் வருமானமும் பெருமைப்படும்படி இல்லை. போரைப் பற்றிச் சொல்வதைத்தான் நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இடம்பெயர்ந்து, கட்டடம் இழந்து, மறுபடி பள்ளி கூடியபோது சங்கீத பாடமும் கூடவே வந்தது, ஏனென்றால் அது கால அட்டவணையில் இருந்தது. 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் பெருங்கூட்டத்தை வைத்துத் திருப்பாடுகளின் நாடகம் போட்டது, பழக்குவதற்கு ஆள் இருந்ததால். நமக்குப் போர் இல்லை. கால அட்டவணையில் பாட்டுக்கு இடமும் பெரும்பாலும் இல்லை.

தமிழ்நாடு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது, செய்தவை ஒன்றோடொன்று சேரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று போகும் அந்தப் பட்டியலில் இசையும் ஒரு மூலையில் இருந்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிய நாட்கள் பல. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, 55 வினாடியில் பாடவேண்டும், இசைத்தட்டு போடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவேண்டும் என்று அரசாணை சொன்னது. நல்ல ஆணை. அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது என்பதற்கு அதில் ஆள் நியமனம் இல்லை. 2022இல் தொடங்கிய கலைத்திருவிழாவில் குழுப் பாட்டு உண்டு, அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது பாட்டில் ஆர்வமுள்ள தமிழாசிரியரோ கணக்கு ஆசிரியரோ.

செலவைக் காட்டி மறுக்க இதில் அதிகம் இல்லை. சேர்ந்து பாடக் கருவி வேண்டாம், ஆர்மோனியம்கூடக் கட்டாயமில்லை, சுருதிப் பெட்டி இப்போது செல்போனுக்குள் இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று வட்டாரத்துக்கு ஓர் ஆள் வீதம் பத்துப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும்படி நியமித்து, அடுத்த வருஷமும் அவரே வருவார் என்று உறுதி செய்தால் தொடங்கிவிடலாம். தகுதியானவர் கிடைப்பாரா என்பார்கள். பேராதனைக்குச் செல்லையா அண்ணாவியார் போனது பட்டத்தைக் காட்டி அல்ல. சபைகளில் ஓய்வுபெற்ற குயர் மாஸ்டர்கள் இருக்கிறார்கள், கலை இரவுகளில் பாடியவர்கள் இருக்கிறார்கள், முளைப்பாரிக்கு அடியெடுத்துக் கொடுப்பவள் ஊருக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். அவர்களுக்கு மணிக்கணக்கில் மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்குள் விட, பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.